தெர்மாகோல் அசுரனின் படுகளம்

ஒரகடத்துக்கு நான் வேலைக்கு வந்தபோது எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் சத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கம்பெனியில் லைன் வேலை. ஷிப்ட் முழுக்க வாயைத் திறக்காமல் தைக்க வேண்டும். சேர்ந்துபோன பேச்சையெல்லாம் அறைக்குத் திரும்பியதும் வீட்டுக்கார அக்காவிடம் கொட்டுவேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எங்கள் சண்டை தொடங்கிவிட்டால் மற்ற ரூம் பெண்கள் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மணிக்கணக்கில் கரண்ட் போகும் காலம் அது. டிவி ஓடாது, நாங்கள் ஓடினோம்.

அக்காவுக்கு வல்லம் வடகாலை ஒட்டிய கிராமம். கம்பெனிகள் வந்த பிறகு வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள் கட்டி, என்னைப் போன்ற தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் விளாத்திகுளம் பக்கம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தெற்கே இருப்பது எல்லாமே அவருக்குத் திருநெல்வேலிதான். என்னைக் கூப்பிடுவதே "இந்தாடி திருநவேலி" என்றுதான்.

எங்கள் பெரிய சண்டை ஓர் ஐப்பசி மழையில் வந்தது. விடிந்து பார்த்தால் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என் பெட்டி மிதக்கிறது, தீபாவளிக்கு எடுத்த புதுச் சுடிதார் மிதக்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்! நனைந்த பாவாடையோடு அக்கா வாசலில் போய் நின்றேன்.

"ஏங்க்கா, வாடகை வாங்கத் தெரியுதுல்லா, சாக்கடை கட்டத் தெரியாதோ?"

"சாக்கடத் தண்ணியாடி இது? ஏரிக்குப் போவ வேண்டிய தண்ணி. கால்வா அடைச்சிக்கினு கீது, அது ஒன் ரூமாண்ட வந்து நிக்குது. ஒன் ரூம்ல தண்ணி, என் கயினில தண்ணி இல்ல. யாருக்குடி வயிறு எரியணும்?"

அவர் பின்பக்கம் நடந்தார். கூடவே போய்ப் பார்த்தேன். மேட்டில் கம்பெனிகள் இருக்கும் பக்கத்திலிருந்து ஏரிக்கு வரும் கால்வாய், எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் போகிறது. அதில் தண்ணீரே தெரியவில்லை. ஒரே வெள்ளை. தெர்மாகோல், ஃபோம், பெட்டிகளைச் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக். மேட்டில் ஒரு பழைய பொருள் ஷெட் இருந்தது. கம்பெனிகளிலிருந்து பேக்கிங் சாமான்களை லோடு லோடாக எடுத்து வருவார்கள். மரமும் அட்டையும் விலை போகும். போகாததெல்லாம் கால்வாயில் விழும். ஏரி வறண்டு கிடக்க, தண்ணீர் வழி தெரியாமல் எங்கள் அறைகளுக்குள் புகுந்திருக்கிறது.

ஏரிக்குக் கீழே அக்காவுக்கு அரை ஏக்கர் கழனி இருந்தது, அவர் பேச்சில் 'கயினி'. சுற்றிலும் எல்லாம் ஷெட்டாகவும் பிளாட்டாகவும் மாறிவிட்டது, இது மட்டும் வயலாகக் கிடந்தது. அக்காவின் கணவர் இறந்த பிறகு அவருக்கும் கொழுந்தனுக்கும் கூட்டுப் பட்டா. கொழுந்தன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், நான் தினமும் போய் வரும் அதே பஸ். சொந்தமாக ஒரு வேன் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நிலத்தை விற்றால் வேன் வந்துவிடும். புரோக்கர் வாரம் தவறாமல் வந்து போனார்.

"ரூம் வாடகை எவன் வேணா வாங்குவான். என் கயினில நானே வெளைச்சி, நானே ஆக்கித் தின்னணும். வேற இன்னா கேட்டேன் நானு?" என்பார் அக்கா. கடைசியில் கொழுந்தனிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். தெருவே கேட்கத்தான் கொடுத்தார்.

"அடுத்த வருசம் கார்த்தி தீபத்துக்குள்ள ஏரி ரொம்பி மதகுல தண்ணி வந்துச்சின்னா நவரை நெல்லு நட்டுடுவேன். வரலியா, தீபத்துக்கு மறுநாளே கையெழுத்து போட்டுட்றேன். அப்பால நீ வேன் வாங்கு, ஏரோப்ளேன் வாங்கு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அதற்கு அடுத்த கோடையில் தண்டலம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். பருவநிலை மாற்றம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் அக்காதான் அவர்களுக்கு விளக்கம் சொன்னார். "புரியுது கண்ணு. மயை இப்பல்லாம் ஓ.டி. பாக்குது. மாசம் பூரா ஒயுங்கா வர்றதில்ல. ஒரே நாள்ல வந்து மொத்தமா கொட்டிட்டுப் பூடுது." அவர்கள் அதை எழுதிக்கொண்டு போனார்கள். போகும்போது 'ஏரியைக் காப்போம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த காற்றில் அது கிழிந்து கால்வாயில் விழுந்தது. அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டி, "நல்லா காப்பாத்திக்கினாங்க" என்று சிரித்தார்.

நாங்கள் பஸ் அண்ணன் என்று கூப்பிடும் அந்தக் கொழுந்தன்தான் ஊரில் கூத்துக் கட்டுகிற குழுவுக்குத் தலைவர். கம்பீரமான குரல். ராஜா வேஷம் போட்டால் அவர்தான். பஸ் ஓட்டும்போதும் வசனம் பேசிக்கொண்டேதான் வருவார். லாரிக்காரன் குறுக்கே வந்தால் "அடேய் அற்பப் பதரே" என்பார். ஒருநாள் காலை நான் ராத்திரி சரியாகத் தூங்காத எரிச்சலில் இருந்தேன். அவர் வசனம் பேசப் பேச எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, ஒங்க அண்ணி வயலு தண்ணியில்லாம வெடிச்சிக் கெடக்கு. நீங்க என்னடான்னா ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு ராஜாப்பாட்டு பாடுதீய!"

"கூத்து வேற, வூடு வேற, தங்கச்சி" என்றார் கோபமே இல்லாமல். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆனா நீ சொன்னதுல ஒரு கதை கீது. தண்ணிய அடைச்சிக்கினு படுத்துக்கினு கீற அசுரன். அந்த வேசத்த மட்டும் எனக்குக் குடு, பிச்சி ஒதறிட்றேன்."

"அந்த வேசம் ஒங்களுக்குப் புதுசா வேற போடணுமாக்கும்?" என்றேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. அவரும் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்படித்தான் அது தொடங்கியது. நிலத்தை விற்க நினைத்த மனிதர்தான் தண்ணீருக்காகக் கூத்துக் கட்ட முதலில் எழுந்தார். கலைக் கிறுக்கு என்பது வேறென்ன?

என் அம்மா கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடுகிறவர். எனக்கும் வில் அடிக்கத் தெரியும். லைன் வீட்டுப் பெண்களில் குடம் தட்டவும் ஆமாம் போடவும் ஆள் இருந்தது. அதே பஸ்ஸில் வரும், தைத்த உறைகளைச் சோதிக்கும் குவாலிட்டி அண்ணன் ஊர்ச் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். கம்பெனியில் ஒரு தையல் கோணினாலும் கண்டுபிடித்துவிடுவார், பாட்டில் ஒரு சுருதி கோணினாலும் விடமாட்டார். தங்கள் பாட்டுக் குழுவான கொயரும் வரும் என்றார். ஆக, வடக்கே கூத்து, தெற்கே வில்லு, நடுவில் சர்ச் கொயர். மூன்றும் ஒரே மேடையில் நிற்பது என்று முடிவானது. முடிவான அன்றே சண்டையும் வந்தது.

கூத்து பிள்ளையார் துதியில்தான் தொடங்கும் என்றார் பஸ் அண்ணன். கொயர் அதற்கு நிற்காது என்றார் குவாலிட்டி அண்ணன். வில்லடித்துத்தான் கதை தொடங்கும், அது எங்கள் ஊர் முறை என்றேன் நான். ஒரு வாரம் ஒத்திகையே நடக்கவில்லை. "சாமிய வெச்சி சண்ட போட்றீங்களே, நீங்க மூணு பேரும் காலைல கம்பெனில இன்னா சொல்லிட்டு வேலைய ஆரம்பிக்கிறீங்க?" என்று அக்காதான் கேட்டார். எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லாக் கம்பெனியிலும் ஷிப்ட் தொடங்குமுன் கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்வோம். எல்லோருக்கும் மனப்பாடம். அதையே ஏரிக்கு மாற்றிக்கொண்டோம். கடவுள் வாழ்த்து இல்லாமல் பாதுகாப்பு உறுதிமொழியில் தொடங்கிய கூத்து இந்தப் பூமியிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கூத்து என்றால் விடிய விடிய நடக்கும். எங்களுக்கு அது ஆகாது. பாதிப் பேர் நைட் ஷிப்ட், பாதிப் பேர் காலை ஷிப்ட். அதனால் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்துக்கொண்டோம். இடம், கால்வாய் ஏரிக்குள் வந்து சேரும் காய்ந்த தரை. அங்கே அசுரனுக்கு ஓர் உடம்பு செய்ய வேண்டும் என்றார் பஸ் அண்ணன். கால்வாயில் கிடக்கும் குப்பையை எடுத்தே செய்யலாம். அம்மன் கோயில் கூத்தின் கடைசி நாளில் களிமண்ணில் செய்வது போல, மல்லாந்து படுத்த பெரிய உருவம். கூத்து முடிந்த மறுநாள் டிராக்டர் வந்து அசுரனை அள்ளிப் போய்விடும். குவாலிட்டி அண்ணன் தெர்மாகோலை உருக்கி மறுபடி பயன்படுத்தும் ஓர் இடத்தில் பேசி வைத்திருந்தார். திட்டம் கச்சிதமாக இருந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தலை எங்களுக்கு, உடம்பு கூத்துக்காரர்களுக்கு, கால் இரண்டும் கொயருக்கு. ஷிப்ட் முடிந்து வந்து கால்வாயில் இறங்குவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும். பஸ் அண்ணன் கரையில் நின்றுகொண்டு, "அசுரன்னா இன்னா, கைக்கொயந்தையா? இன்னும் கொண்டாங்க" என்பார். கொயர்க்காரர்கள் ஒரு சாயங்காலம் அசுரன் கால்களை இன்னும் நீளமாக்கிவிட்டார்கள் என்று எங்களுக்குச் செய்தி வந்தது. விடுவோமா? மறுநாள் தலையைப் பெரிசாக்கினோம். அதைப் பார்த்துக் கூத்துக்காரர்கள் தொப்பையை ஏற்றினார்கள். கடைசியில் அசுரனுக்குத் தலை ஒரு குடிசை அளவு, கால் தெருவளவு, நடுவில் தொப்பை. அளவு பார்த்தே பழகிய குவாலிட்டி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத எந்த டிராயிங்ல பார்த்து செஞ்சீங்க சிஸ்டர்? முழு ரிஜெக்ட்டு!" என்றார். ஆனால் ஒருவரை ஒருவர் முந்துகிற வெறியில் கால்வாயைத் தரை தெரிகிற வரைக்கும் வழித்து எடுத்துவிட்டோம். அதை முதலில் கவனித்தவர் அக்கா. தனியாகக் கால்வாயில் இறங்கி அந்த முனை வரை நடந்து போய், திரும்பி நடந்து வந்தார். அதன் பிறகு எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தலையில் இடி விழுந்தது. எங்கள் கம்பெனியில் வேறொரு பிரிவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போட்டுவிட்டார்கள். மதியம் ஆட்களை ஏற்றப் போயே ஆக வேண்டும். கூத்து நடுவில் அசுரன் இறங்கிப் போனால் எப்படி? எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம்.

"கம்பெனில இன்னா பண்ணுவோம்? ரிலீவர், அதான் மாத்து ஆளு, வந்தப்புறம்தான லைன உட்டுப் போவோம்?" என்றார் பஸ் அண்ணன். "என் வசனம் பூரா பஸ்ல கேட்டுக் கேட்டு திருநவேலிக்குத் தெரியும். கோவமும் நெறையா கீது. அதுதான் எனக்கு ரிலீவர்."

பொம்பளைப் பிள்ளை கிரீடம் கட்டுவதா என்று குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "அப்போ ஆம்பளைங்க யாருக்கு வசனம் தெரியும், முன்னாடி வாங்க" என்றார். ஒருவரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஏரிக்குள் ஊரே உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஊர் ஹாஸ்டல் பெண்களும் வந்திருந்தார்கள். பழைய பொருள் ஷெட்டுக்காரர்கூடக் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார். கையை நீட்டி உறுதிமொழி சொன்னோம், கூட்டமும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று கூடவே சொன்னது. நான் வில்லடித்துக் கதையைத் தொடங்கினேன். பஸ் அண்ணன் அசுரனாக வந்து ஒரு சுற்று ஆடினார். அடேயப்பா, புழுதி பறந்தது! நடுவில் கரண்ட் போய்க் கீபோர்டு ஊமையாகிவிட்டது. குவாலிட்டி அண்ணன் முகம் வாடிப்போனது. கூத்துக்காரர்கள் தங்கள் ஹார்மோனியப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்கள். அவர் அதில் கொயரின் பாட்டை வாசித்தார். மிருதங்கம் சேர்ந்துகொண்டது. அந்தப் பாட்டு சர்ச்சில்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

நேரம் வந்தது. பஸ் அண்ணன் ஆடிக்கொண்டே என் அருகில் வந்து கிரீடத்தைக் கழற்றி என் தலையில் வைத்தார். "சபையோரே, இது ஷிப்ட் மாறும் வேளை" என்று ராஜகம்பீரமாகச் சொல்லிவிட்டு, அரிதாரத்தோடேயே பஸ்ஸை எடுக்க ஓடினார். கூட்டம் விசிலடித்தது. முதல் வசனம் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது மறந்தே போய்விட்டது. எதிரே எல்லாரும் டீ குடித்த பிளாஸ்டிக் கப்புகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வந்தது பாருங்கள் கோபம்!

"ஏலே, நானா வந்து இங்க படுத்தேன்? நீங்கல்லா தாம்பாளம் வச்சிக் கூட்டிட்டு வந்தீய! ஷாம்பு பாக்கெட்டு யாரு போட்டா? வளைகாப்பு வீட்டுத் தட்டு யாரு போட்டா? என் தலைக்குள்ள பாதி எங்க லைன் வீட்டுப் பிள்ளைய போட்டதுதான். கம்பெனிக்காரன் மேல பழியப் போட்டுட்டு, காலுக்கடியில டீ கப்பப் போடுதீய!"

"ஷெட்டுக்காரன உட்டுட்டியேடி!" என்று கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"விடுவனா? எனக்கு மாமனாரு வீட்டுச் சீரு அவருதான குடுத்தாரு. அந்தா, முன்னாடி ஐஸ் தின்னுட்டு இருக்காரு!" என்றேன். ஊரே திரும்பிப் பார்த்தது. அவர் ஐஸை என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்துவைத்தார். சுற்றிலும் குனிந்து கப்புகளைப் பொறுக்குவது தெரிந்தது. பிறகு மழை வேஷத்தில் வந்த கொயர் பெண்கள் பாடிக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீரை என் தலையில் ஊற்ற, நான் அலறிக்கொண்டு தெர்மாகோல் உடம்பின் பக்கத்தில் விழுந்து செத்தேன். கைதட்டல் காதை அடைத்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

செத்தவள் எழுந்து பார்க்கிறேன், கூட்டம் கலையாமல் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. முன்னால் வந்த அம்மா ஒருவர் அசுரனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டு, தொப்பையில் ஒரு துண்டு தெர்மாகோலைப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்தவர் காலில் ஒரு துண்டு. அப்புறம் ஆளாளுக்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் சொன்னார். இந்தப் பக்கத்தில் கூத்தின் கடைசி நாள், செத்து விழுந்த ராஜாவின் மண் உருவத்துக்குப் படுகளம் என்று பேர். அதில் ஒரு பிடி மண் எடுத்துப் போய் வீட்டில் தானியம் வைக்கும் இடத்தில் போட்டால் குறையாமல் விளையும். பஸ் அண்ணன் தலையை வடக்கே வைத்து, அதே முறையில் அசுரனைப் படுக்க வைத்திருந்தார். மேளமும் அதே மேளம். ஊருக்கு அது படுகளம், அவ்வளவுதான். செய்தது மண்ணிலா தெர்மாகோலிலா என்று யார் பார்த்தார்கள்?

"எடுக்காதீங்க! அது குப்பை! கெமிக்கலு!" என்று குவாலிட்டி அண்ணன் குறுக்கே கையை விரித்து ஓடினார். அவருடைய கொயர் பெண்களே அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். "ஏ ஆத்தாடி, குப்பையவா கும்பிடுதீய!" என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கிரீடத்தோடு கத்தினால் யார் கேட்பார்கள்? சாயங்காலம் பார்த்தால் பாதி அசுரன் இல்லை. குவாலிட்டி அண்ணன் ஏரித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கால்வாயிலேர்ந்து எடுத்து வீடு வீடா போட்டுட்டோம், சிஸ்டர்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையிலும் ஒரு முடிச்சு இருந்தது.

மறுநாள் டிராக்டர் மிச்சத்தை அள்ளிப் போனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வீட்டுக்குப் போன தெர்மாகோலை யாரும் வெளியே போடத் துணியவில்லை. அரிசி டிரம்மில் ஒன்று, பூஜை அலமாரியில் ஒன்று, டிவிக்கு மேல் ஒன்று. அசுரன் செத்த இடத்தில் செருப்போடு யாரும் நடக்கவில்லை. பத்து நாள் கழித்து ஷெட்டுக்காரரின் வண்டி லோடோடு கால்வாய்க்கரையில் வந்து நின்றபோது, பெண்கள் வழிமறித்து நின்றார்கள். "படுகளத்துல கொட்டுவியா நீ? ஒன் குடும்பம் வெளங்குமா?" என்று அக்கா கேட்டார். டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டான். முதலாளி ஓடிவந்தார். வந்தவர் சண்டைக்கு நிற்கவில்லை, டிரைவரைத்தான் திட்டினார். அவர் வீட்டிலும் ஒரு துண்டு போயிருந்தது, அதைக் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தார் என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. தெர்மாகோல் உருக்கும் இடத்தின் விலாசத்தைக் குவாலிட்டி அண்ணனிடம் அவரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் பேசிப் பேசி ஆகாததை எங்களுடைய தப்பு செய்து முடித்துவிட்டது.

கால்வாய் சுத்தமாக இருந்தது. மழைதான் வரவில்லை. ஐப்பசி முழுவதும் வெயில் காய்ந்தது. கார்த்திகை பிறந்தது, அப்போதும் ஒரு தூறல்கூட இல்லை. அக்கா என்னுடன் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். மோட்டார் போடாமல் விட்டுவிட்டார் என்று நான் வேண்டுமென்றே வம்புக்குப் போனேன், "போட்றேன்மா" என்றார். புரோக்கர் போன் செய்து நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். பஸ் அண்ணன் பஸ்ஸில் வசனம் பேசவில்லை.

தீபத்துக்கு முந்தைய வாரம் மழை ஓ.டி. பார்க்க வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டியது, பகலிலும் விடவில்லை. விடிந்ததும் பழக்கத்தில் பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டுக் கீழே பார்க்கிறேன், தரை காய்ந்து கிடக்கிறது! பின்பக்கம் ஓடினோம். கால்வாய் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, அப்படி ஒரு சத்தம். அக்கா குடை பிடிக்காமல் கரையில் நின்றிருந்தார். மூன்றாம் நாள் ஏரி நிரம்பியது. தீபத்தன்று மதகைத் தூக்கினார்கள். அக்காவின் கழனிக்குள் தண்ணீர் போனது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் லைன் வீடு முழுக்க அக்காவே விளக்கு ஏற்றினார்.

மறுநாள் காலை சொன்னபடி புரோக்கர் வந்துவிட்டார். பஸ் அண்ணனும் டியூட்டி உடுப்போடு வந்து உட்கார்ந்திருந்தார். "தண்ணி வந்துட்ச்சி சார், நான் நவரை நடப்போறேன்" என்று அக்கா சொன்னார். புரோக்கர் அசரவில்லை. சிரித்த முகமாகப் பஸ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அவங்க விருப்பம் இல்லன்னா பரவால்ல தம்பி. உங்க பாதிய மட்டும் தனியா எழுதிக் குடுங்க. மதகு பக்கம் உங்க பாதிதானே? வேன் நாளைக்கே நிக்கும் வாசல்ல."

காபி கொண்டுவந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். மதகுப் பக்கத்துப் பாதி போய்விட்டால் அவர் பாதிக்குத் தண்ணீர் வர வழியில்லை. கொழுந்தனுக்கு எந்த வாக்கும் தடையில்லை, வாக்குக் கொடுத்தது அக்கா மட்டும்தான். நான் வாசற்படியில் நின்றேன். பஸ் அண்ணன் தன் டியூட்டித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் எப்டி சார் கையெழுத்துப் போட்றது?" என்றார். "நான்தான் செத்துட்டேனே."

"இன்னா தம்பி?"

"புரட்டாசி மாசம் சார், தோ, அந்த ஏரிலதான். ஊரே பாத்துச்சி. தண்ணிய அடைச்சிக்கினு படுத்துக்கினு இருந்தேன், அடிச்சிப் போட்டுட்டாங்க. ஆளாளுக்கு என்னப் பிச்சி வூட்டுக்கு எடுத்துக்கினு பூட்டாங்க. எங்க அண்ணி அரிசி டிரம்ல கூட நான் கீறேன், வேணும்னா தொறந்து பாருங்க. செத்தவன் கையெழுத்து செல்லாது சார்."

புரோக்கர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, செத்தது நானுல்லா! நீங்கதான் பஸ் எடுக்கப் போயிட்டீயளே!"

"நீ ரிலீவரும்மா" என்றார் அவர், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டே. "ரிலீவர் தச்ச பீஸெல்லாம் மிஷின்காரன் கணக்குதான்."

புரோக்கர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். பஸ் அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிறது, பஸ்ஸுக்கு வருகிறாயா இல்லையா என்று என்னைத்தான் அதட்டினார்.

மார்கழியில் நாற்று விட்டார் அக்கா. சித்திரையில் அறுவடை. புது அரிசியில் பொங்கி லைன் வீட்டுப் பெண்களையும், கூத்துக்காரர்களையும், கொயரையும் உட்கார வைத்தார். குவாலிட்டி அண்ணன் சோற்றைக் கையில் எடுத்து, இதில் தெர்மாகோல் இல்லையே என்று உருட்டிப் பார்த்தார். அக்கா முதல் கரண்டியைக் கொழுந்தன் இலையில்தான் வைத்தார்.

"சாப்புடு அசுரா" என்றார்.

அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.